உள் ஆளும் வெளி ஆளும் சேர்ந்து அடிக்கும் கொள்ளை! சர்க்கரை வியாதி பரம்பரையா, பழக்கமா?

சென்னை.-

சர்க்கரை வியாதிக்கு யார் காரணம்? அப்பா, அம்மா கொடுத்த ரத்தமா? நாம் குடியிருக்கும் ஊரா? இந்தக் கேள்விக்குச் சென்னை நகரிலேயே பதில் கிடைத்து இருக்கிறது. இரண்டு பேரும் கூட்டாளிகள்! அதில் ஒருவனை நம்மால் தடுத்து நிறுத்த முடியும் என்பதும் இதே சென்னையில் நிரூபிக்கப்பட்டு இருக்கிறது.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

தாம்பரத்தில் இருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில், காலை 9 மணிக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி காது கொடுத்துப் பாருங்கள். ஆபீஸ் விவகாரம், வீட்டு வாடகை எல்லாம் பேசி முடிந்ததும் பேச்சு உடம்புக்கு வரும்.

"எங்க அப்பாவுக்கு இருந்தது. பெரியப்பாவுக்குக் காலையே எடுத்தாங்க. எனக்கும் வரத்தான் போவுது. இருக்கிறவரைக்கும் நல்லா சாப்பிட்டுட்டுப் போறேன் சார்" என்பார் ஒருவர்.

"எங்க வம்சத்திலேயே சக்கரை கிடையாது. நான் எதுக்கு டெஸ்டு எடுக்கணும்?" என்பார் இன்னொருவர்.

முதலாமவர் நடப்பதை விட்டுவிடுகிறார். இரண்டாமவர் பரிசோதனைக்கே போவது இல்லை. இருவருமே ரத்தத்தை மட்டும் நம்பி ஏமாறுகிறார்கள். கண், சிறுநீரகம், கால் விரல் என்று வியாதி கைவைத்த பிறகுதான் இருவரும் டாக்டரிடம் ஓடுகிறார்கள்.

(சிறு பிள்ளைகளுக்கு வந்து, இன்சுலின் ஊசி போட்டே தீரவேண்டிய சர்க்கரை வியாதி வேறு. இங்கே சொல்வது பெரியவர்களுக்கு வரும் 2-ம் வகை.)

சென்னைக் கணக்கு

சென்னையில் பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்து டாக்டர்கள் பலமுறை கணக்கு எடுத்து இருக்கிறார்கள்.

1989-ம் ஆண்டு 100க்கு 8.3 பேருக்குச் சர்க்கரை இருந்தது. 1995-ல் 11.6. 2000-ம் ஆண்டு 13.5. 2004-ல் 14.3!

பதினைந்தே ஆண்டில் 8, 14 ஆகிவிட்டது.

"அப்போ டெஸ்டு எடுத்தவங்க கம்மி, இப்போ ஜாஸ்தி. அதான் கணக்கு ஏறுது" என்று சிலர் சொல்லக்கூடும். அது இங்கே எடுபடாது. இது ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளை எண்ணிய கணக்கு அல்ல. வீட்டில் சும்மா இருந்த ஜனங்களைத் தேர்ந்து எடுத்து ரத்தம் சோதித்த கணக்கு. ஜனங்களுக்கு வயது கூடியதால் ஏறிய கணக்கும் அல்ல. அந்த வித்தியாசத்தைக் கழித்துவிட்டுத்தான் இந்த எண்களை ஒப்பிட்டு இருக்கிறார்கள்.

பதினைந்து ஆண்டில் சென்னைக்காரர்களின் ரத்தம் மாறிவிட்டதா? மாறவே மாறாது. பரம்பரைக் கூறுகளைச் சுமக்கும் மரபணு (ஜீன்) அப்படி அவசரமாக மாறும் சரக்கு அல்ல. 1989-ல் இருந்த அதே ஜனங்கள், அவர்களுடைய பிள்ளைகள். அதே ஜீன்தான்.

மாறியது என்ன? ஊர்!

சைக்கிளில் போனவர் ஸ்கூட்டர் வாங்கினார். ஆட்டுக்கல்லை ஓரம் கட்டிவிட்டு வீட்டுக்கு வீடு கிரைண்டர் வந்தது. குழாயடியில் குடம் சுமந்த இடத்தில் மோட்டார் வந்தது. கேபிள் டி.வி. வந்து ஜனங்களைச் சாயங்காலம் வீட்டிலேயே உட்காரவைத்தது. தட்டில் பாலிஷ் போட்ட வெள்ளை அரிசி குவிந்தது. கூடவே எண்ணெய்ப் பலகாரம், பேக்கரி பண்டம்.

நாடு முழுவதும் எடுத்த கணக்கும் இதையே சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சார்பில் 1 லட்சத்து 13 ஆயிரம் பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சர்க்கரை வியாதிக்காரர்கள் 10 கோடிப் பேர் என்று அது மதிப்பிட்டது. நகரத்தில் 100க்கு 16 பேர். கிராமத்தில் 100க்கு 9 பேர்.

உள் ஆள் யார்?

அப்படியானால் பரம்பரை என்பது பொய்யா? அதுவும் இல்லை.

ஒரே ஆபீசில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒரே கேண்டீன். இருவருக்கும் ஒரே தொந்தி. ஒருவருக்கு 38 வயதில் சர்க்கரை வருகிறது. மற்றவர் 60 வயதில் ரிட்டையர் ஆகும்போதும் ஜிலேபி சாப்பிடுகிறார். ஊர் மட்டுமே காரணம் என்றால் இருவருக்கும் அல்லவா வரவேண்டும்?

இங்கேதான் உள் ஆள் வேலை செய்கிறான்.

கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கும், சதை எவ்வளவு சுலபமாகச் சர்க்கரையை உள்ளே இழுக்கும், கொழுப்பு தொடையில் சேருமா, வயிற்றில் சேருமா - இதற்கெல்லாம் ஜீன்களில் குறிப்பு இருக்கிறது. ஒரே ஒரு "சர்க்கரை ஜீன்" என்று எதுவும் கிடையாது. 25 லட்சம் பேருக்கு மேல் ஆராய்ந்து 2024-ல் வெளியான ஆய்வில், 2-ம் வகைச் சர்க்கரையோடு சம்பந்தப்பட்ட இடங்கள் 600க்கு மேல் அகப்பட்டன. ஒவ்வொன்றும் சில்லறைத் திருடன்தான். தனியாக எதையும் சாதித்துவிடாது. ஒருவர் உடம்பில் பத்து, நூறு என்று சேரும்போதுதான் ஆபத்து.

ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையர்களுக்கு ஜீன் அச்சு அசல் ஒன்று. அவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை வந்தால் மற்றவருக்கும் வருவது, சாதாரண இரட்டையரைவிட அதிகம். இது உள் ஆள் இருப்பதற்குச் சாட்சி.

ஆனால் அந்த இரட்டையரிலும் ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராத ஜோடிகள் உண்டு. இது வெளி ஆள் இருப்பதற்குச் சாட்சி.

வீடு புகுந்து திருடும் வழக்குகளில் போலீசார் முதலில் பார்ப்பது இதைத்தான். உள் ஆள் தாழ்ப்பாளைத் திறந்துவிடுவான். வெளி ஆள் வண்டியோடு வருவான். வெளி ஆள் வராவிட்டால் திறந்த கதவு திறந்தபடி கிடக்கும், அவ்வளவுதான். பீரோ அப்படியே இருக்கும்.

ஒரே ரத்தம், இரண்டு ஊர்

ஒரே ரத்தத்தை இரண்டு ஊரில் வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது.

அரிசோனா மாநிலத்தின் பூர்வீகக் குடிகளான பிமா மக்கள், கிலா ஆற்றங்கரையில் வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்தவர்கள். தங்களை அவர்கள் "ஆற்று மக்கள்" என்றே அழைத்துக்கொண்டார்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் மேலே குடியேறிய வெள்ளைக்காரர்கள் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். வயல் காய்ந்தது. ஆற்று மக்களுக்கு ஆறே இல்லாமல் போயிற்று. பிற்பாடு மைதா, பன்றிக்கொழுப்பு, சீனி இவைதான் சாப்பாடு ஆயின.

அதே பிமா இனத்தின் இன்னொரு கூட்டம் மெக்சிகோ மலைப்பகுதியில் இருக்கிறது. அவர்கள் உழைத்துப் பயிர் செய்து சோளமும் பீன்சும் சாப்பிட்டு வந்தவர்கள்.

இருவரையும் ஒப்பிட்டு 2006-ல் வெளியான ஆய்வு இது:

மெக்சிகோ பிமா மக்களில் 100க்கு 7 பேருக்குத்தான் சர்க்கரை. அரிசோனா பிமா மக்களில் 100க்கு 38 பேர்!

ரத்தம் நெருங்கிய ரத்தம். ஊர் வேறு. ஐந்து மடங்கு வித்தியாசம்.

அரிசோனாக்காரர்களைப் பார்த்து "சோம்பேறிகள், வாயைக் கட்டத் தெரியாதவர்கள்" என்று சொல்லிவிடலாமா? அவர்கள் கையில் இருந்த தண்ணீரை யாரோ எடுத்துக்கொண்டார்கள். ஊர் என்பது தனி மனிதனின் பழக்கம் மட்டும் அல்ல.

கர்ப்பத்திலேயே தொடக்கம்

வெளி ஆள் பிறந்த பிறகுதான் வருகிறான் என்று நினைக்க வேண்டாம். தாயின் வயிற்றிலேயே வந்துவிடுகிறான்.

இரண்டாம் உலகப்போரின் கடைசிக் குளிர்காலம். 1944-45. ஜெர்மன் படையின் பிடியில் இருந்த ஹாலந்து நாட்டு நகரங்களில் கடும் பஞ்சம். கர்ப்பிணிகளுக்கும் அரைவயிறு, கால்வயிறுதான். அப்போது கர்ப்பத்தில் இருந்த குழந்தைகளை, அவர்களுக்கு 50 வயது ஆனபோது ஆம்ஸ்டர்டாமில் கூப்பிட்டுச் சோதித்தார்கள். பஞ்சத்துக்கு முன்போ பின்போ உருவானவர்களைவிட இவர்களுடைய உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கத் திணறியது. இந்த முடிவு 1998-ல் வெளியாயிற்று.

நம் நாட்டில் புனே அருகே ஆறு கிராமங்களில் 1993-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் நகரக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. புனே குழந்தைகள் பார்க்க ஒல்லி. சதைப்பிடிப்பு குறைவு. ஆனால் உடம்பில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை! ஒல்லியான உடம்புக்குள் குண்டான உடம்பு.

நம் ஜனங்களுக்கு, பார்க்கச் சாதாரணமாக இருக்கும்போதே சர்க்கரை வந்துவிடுவதற்கு இது ஒரு காரணம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்.

இதைப் படித்துவிட்டு மாமியார் யாரும் மருமகள்மேல் பழி போடக் கிளம்பவேண்டாம். பெண் பிள்ளைக்குச் சின்ன வயதில் இருந்தே வயிறாரப் போடவேண்டும், கர்ப்பிணிக்குக் கடைசிப் பந்தி கூடாது என்பதுதான் இதற்கு அர்த்தம். ஜீனைப் பொறுத்தமட்டில் அப்பன் வீட்டுப் பங்கும் அம்மா வீட்டுப் பங்கும் சமம்.

சோற்றை மாற்றினார்கள், மூளை பிழைத்தது

"இருந்தாலும் ஜீன்ல எழுதினது எழுதினதுதானே சார்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம்.

1934-ம் ஆண்டு. நார்வே நாட்டில் ஒரு தாய். இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் புத்தி வளரவில்லை. பிள்ளைகளின் சிறுநீரில் ஒரு மாதிரி வாடை அடிக்கிறது என்று டாக்டர் டாக்டராக ஏறி இறங்கினாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் டாக்டர் ஃபோலிங் என்பவர் அந்தச் சிறுநீரை வாங்கி ஒரு ரசாயனத்தை ஊற்றினார். பச்சையாக மாறியது! துப்பு கிடைத்துவிட்டது.

பால், முட்டை, இறைச்சி, பருப்பு எல்லாவற்றிலும் இருக்கும் பினைலாலனின் என்ற சத்தைச் செரித்து மாற்றும் சக்தி அந்தப் பிள்ளைகளுக்கு இல்லை. அது ரத்தத்தில் தேங்கி மூளையைக் கெடுத்தது. அப்பா, அம்மா இருவரிடம் இருந்தும் பழுதான ஜீன் வந்தால் வரும் வியாதி இது. சுத்தமான பரம்பரை வியாதி. பி.கே.யு. என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

இப்போது பல நாடுகளில் குழந்தை பிறந்த சில நாளில் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அந்தச் சத்து மிகவும் குறைந்த தனிச் சாப்பாடு கொடுக்கிறார்கள். குழந்தை மற்றப் பிள்ளைகளைப்போல் பள்ளிக்கூடம் போகிறது.

ஜீன் மாறியதா? இல்லை. அதே பழுதான ஜீன் உடம்பில் அப்படியேதான் இருக்கிறது. சோறு மாறியது. மூளை தப்பியது.

பீரோவுக்குள் ஆபத்து

இன்னொரு உதாரணம் நம் வீட்டுத் துணி பீரோவிலேயே இருக்கிறது.

ஜி-6-பி-டி என்ற ஒரு பொருள் ரத்தத்தின் சிவப்பு அணுக்களைக் காப்பாற்றுகிறது. சிலருக்குப் பிறவியிலேயே இது குறைவு. ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். பெரும்பாலோர் ஆயுள் முழுவதும் அது தெரியாமலே சுகமாக இருந்துவிடுவார்கள்.

ஆனால் இப்படிப்பட்ட குழந்தைக்குப் பாச்சை உருண்டை போட்டுவைத்த துணியைச் சுற்றினால் போதும். சிவப்பு அணுக்கள் பொலபொலவென்று உடைந்து மஞ்சள் காமாலை வந்துவிடலாம். மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரைமாகுயின் மாத்திரையும் இவர்களுக்கு ஆபத்து.

குறைபாடு மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் இல்லை. பாச்சை உருண்டை மட்டும் இருந்தால் மற்றக் குழந்தைக்கு அந்த ஆபத்து இல்லை. இரண்டும் சந்திக்கும்போதுதான் விபரீதம்.

எத்தனை சதவீதம்?

"சரி, பரம்பரை எத்தனை சதவீதம், பழக்கம் எத்தனை சதவீதம்? கணக்காச் சொல்லுங்க" என்று கேட்பது வழக்கம்.

கணக்குப்பிள்ளை மாதிரி பாகம் பிரிக்க முடியாது என்பதுதான் உண்மை. பாச்சை உருண்டைக் குழந்தைக்கு வந்த காமாலையில் ஜீனின் பங்கு எத்தனை, உருண்டையின் பங்கு எத்தனை? சொல்ல முடியுமா? டீயின் ருசியில் தூளுக்கு எவ்வளவு, பாலுக்கு எவ்வளவு என்று கேட்பதைப்போலத்தான் இதுவும்.

கேட்கவேண்டிய கேள்வி வேறு. இருவரில் நம் கைக்கு அகப்படுகிறவன் யார்?

உள் ஆளை மாற்ற இன்றைக்கு நம்மிடம் வழி இல்லை. 600 இடத்தில் ஒளிந்து இருக்கிறான். வெளி ஆளை மடக்கலாம். மடக்கிக் காட்டியும் இருக்கிறார்கள்.

531 பேர்

அந்தச் சோதனை நடந்ததும் சென்னையில்தான். டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் நடத்தினார்கள். 2006-ல் முடிவை வெளியிட்டார்கள்.

சர்க்கரை வியாதி இன்னும் வரவில்லை, ஆனால் வாசலில் நிற்கிறது என்ற நிலையில் இருந்த 531 பேரைச் சேர்த்தார்கள். சராசரி வயது 46. நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான யோசனை மட்டும். ஒரு பிரிவுக்கு நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு. ஒரு பிரிவுக்கு மெட்பார்மின் மாத்திரை. ஒரு பிரிவுக்கு நடையும் மாத்திரையும்.

நடை என்றால் பயில்வான் கசரத்து அல்ல. தினம் அரைமணி நேரம் வேகமாக நடப்பது. சாப்பாட்டில் சீனி, தீட்டிய அரிசி, மாவுப் பண்டம், எண்ணெய் குறைத்து, நார்ச்சத்து கூட்டுவது.

மூன்று ஆண்டு கழித்து எண்ணினார்கள்.

சும்மா விட்டவர்களில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் 40. இரண்டும் செய்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே 40.

நூற்றுக்கு 16 பேர் அந்த மூன்று ஆண்டில் தப்பினார்கள்! நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறையக்கூட இல்லை. அப்படியும் பலன் கிடைத்தது.

இதில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒழுங்காக நடந்தும் 39 பேருக்கு வந்துவிட்டது. ஆகவே சர்க்கரை வந்தவரைப் பார்த்து "வாயைக் கட்டாம தின்னே, அதான்" என்று குத்திக்காட்டுவது அநியாயம். அவர் வீட்டு உள் ஆள் பலசாலியாக இருந்து இருக்கலாம்.

நடக்க இடம் வேண்டாமா?

டாக்டர் "நட" என்கிறார். எங்கே நடப்பது?

நடைபாதையில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. அதைத் தாண்டினால் டிரான்ஸ்பார்மர். அதையும் தாண்டினால் தோண்டிப்போட்ட பள்ளம். இறங்கி ரோட்டில் நடந்தால் பஸ் உரசுகிறது. பெண்கள் விடிவதற்கு முன் நடக்கப் பயப்படுகிறார்கள்.

நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் முதலிடம் கொடுக்கும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே நிறைவேற்றியது. தியாகராயநகர் பாண்டிபஜாரில் 2019 நவம்பரில் அகலமான நடைபாதை திறக்கப்பட்டது. கடைவீதிக்கு அழகு என்று அதைப் பார்த்தவர்கள் பலர். அது வியாதியைத் தடுக்கும் மருந்தும்கூட! நகரம் முழுவதும் நிம்மதியாக நடக்க இடம் கிடைத்தால், வெளி ஆள் வரும் தெருவில் போலீஸ் சாவடி போட்ட மாதிரி.

நீங்கள் செய்யவேண்டியது

30 வயது தாண்டியவர்கள் எல்லோரும் சர்க்கரை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா யாருக்காவது சர்க்கரை இருந்தால் முன்னதாகவே பார்ப்பது நல்லது. அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காசு வாங்காமல் பார்க்கிறார்கள்.

வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் போனாலும், குளுக்கோஸ் கொடுத்து 2 மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல் போனாலும் சர்க்கரை வியாதி என்று அர்த்தம். மறுபடி ஒருமுறை சோதித்து உறுதி செய்வார்கள். 2 மணி நேரக் கணக்கு 140-ல் இருந்து 199-க்குள் இருந்தால் வியாதி வாசலில் நிற்கிறது. அந்த 531 பேர் நின்ற இடம் அதுதான். அங்கே இருந்து திரும்பி வர வழி உண்டு.

வீட்டில் தையல் டேப் இருந்தால் இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் (35½ அங்குலம்), பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் (31½ அங்குலம்) தாண்டினால் உஷார்!

பெண் பார்க்கப் போகும் இடத்தில் சர்க்கரையை மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். சம்பந்தியிடம் மறைத்தாலும் மறைக்கட்டும், பெற்ற பிள்ளையிடம் மறைக்கக்கூடாது. "எனக்குச் சக்கரை இருக்கு, உங்க தாத்தாவுக்கும் இருந்தது. நீ இப்பவே நடக்க ஆரம்பி" என்று சொல்லிவைக்கும் தகப்பன், பிள்ளைக்கு ஒரு நல்ல சொத்தை எழுதிவைக்கிறான்.